கிருபை இருக்கும்போது கட்டளை எதற்கு?

சகோதரி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்து, ரங்கூன் பக்கத்துத் தன்லினில் ஒரு கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் பாஸ்டர் "நியாயப்பிரமாணம் முடிந்துபோனது, நாம் கிருபையின் காலத்தில் இருக்கிறோம்" என்று, அதாவது மோசேயின் சட்டம் முடிந்தது, இனி கடவுளின் இலவசமான தயவுதான் என்று பிரசங்கிக்கிறார், அடுத்த வாரமே வருமானத்தில் பத்தில் ஒன்றாகிய தசமபாகம் எடுத்துவைக்காத வீட்டில் சாபம் தங்கும் என்கிறார். மாமியார் வெள்ளிக்கிழமை அடுப்பில் கறி ஏற விடமாட்டார். அட்வென்டிஸ்ட் சபைக்குப் போகும் உங்கள் அத்தை, சனிக்கிழமை ஓய்வுநாளை விட்டால் பத்துக் கட்டளையில் ஒன்றை மீறியதாகத்தான் அர்த்தம் என்கிறார். பக்கத்து வீட்டு பர்மியப் பெண்ணோ, "உங்களுக்கென்ன, தப்புச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் முடிந்தது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விசுவாசத்தால்தான் இரட்சிப்பு என்றால் சட்டம் எதற்கு, சட்டம் வேண்டுமென்றால் கிருபை எதற்கு என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி "எதைச் செய்யாமல் விட்டேன்" என்றுதான் முதலில் யோசித்தேன் என்று. உங்கள் நிஜமான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. கடவுள் என் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, ஒன்று குறைந்தால் கைவிட்டுவிடுவாரா? அதை மனதில் வைத்தே மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் இன்செயினில் இறையியல் படித்தவன், ரங்கூனில் தமிழ்ச் சபைகளில் 22 வருடமாக ஞானஸ்நான வகுப்பும் வேதபாடமும் எடுத்துவருகிறேன். புராட்டஸ்டண்ட் பின்னணி. கத்தோலிக்கப் போதனையைப் படித்திருக்கிறேனே தவிர அதற்குள் வாழ்ந்தவன் இல்லை, அதனால் உங்கள் மாமியார் வீட்டுப் பழக்கங்களைப் பற்றி நான் சொல்வதைப் பங்குத்தந்தையிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தச் சபையும் மறுக்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பத்துக் கட்டளை யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் வருகிறது, ஆனால் அங்கே கடவுள் பேசும் முதல் வாக்கியம் கட்டளையே இல்லை: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." கடலைக் கடந்தது 14ஆம் அதிகாரத்தில். மன்னா 16ல், கன்மலையிலிருந்து தண்ணீர் 17ல், சீனாய் மலையடிவாரத்துக்கு வந்து சேர்வது 19ல். செங்கல் அறுத்துக்கொண்டிருந்த அந்த அடிமைகளிடம் கடவுள், "இந்தப் பத்தையும் கைக்கொண்டு காட்டுங்கள், அப்புறம் விடுவிக்கிறேன்" என்று பேரம் பேசவே இல்லை. முதலில் வெளியே கொண்டுவந்தார், சோறு போட்டார், தண்ணீர் கொடுத்தார், பிறகுதான் இனி நீங்கள் வாழவேண்டிய விதம் இது என்றார். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் முதல் நாளே இந்த அதிகார எண்களைப் பலகையில் எழுதிவைத்துவிடுவேன், ஏனென்றால் நம்மில் பாதிப்பேர் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் மனதில் வைத்திருக்கிறோம். பழைய ஏற்பாடு என்றால் சட்டம், புதிய ஏற்பாடு என்றால் கிருபை என்று கோடு போட்டுப் பிரிப்பதும் இதனால்தான் நிற்காமல் போகிறது. அப்போஸ்தலர் பவுல் ரோமர் 4ல் இதே வரிசையைத்தான் பிடித்துக்கொள்கிறார்: ஆபிரகாம் விசுவாசித்தது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது ஆதியாகமம் 15ல், விருத்தசேதனக் (சுன்னத்து) கட்டளை வருவது 17ல். நியாயப்பிரமாணமோ அந்த வாக்குத்தத்தத்துக்கு 430 வருடம் கழித்து வந்தது என்று கலாத்தியருக்கு எழுதுகிறார். பின்னால் வந்த சட்டம் முன்னால் கொடுத்த வாக்கை ரத்து செய்யாது என்பதுதான் அவருடைய வாதம்.

அப்படியானால் சட்டத்தின் வேலை என்ன? கலாத்தியர் 3:24ல் நியாயப்பிரமாணம் நம்மைக் கிறிஸ்துவினிடத்தில் வழிநடத்துகிற "உபாத்தியாய்" இருந்தது என்று நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. உபாத்தியாயர் என்றதும் பிரம்போடு நிற்கும் வாத்தியார்தான் நினைவுக்கு வருகிறார். மூலத்தில் இருக்கும் சொல் பைதகோகோஸ். கிரேக்க, ரோம வீடுகளில் பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், வழியில் வம்பு தும்புக்குப் போகாமல் பார்த்துத் திரும்பக் கூட்டிவரும் வீட்டு அடிமைக்கு அந்தப் பெயர். பாடம் நடத்துவது வேறு ஆள். பையன் பெரியவனானதும் அந்த ஆளுடைய அதிகாரம் முடிந்துவிடும், ஆனால் பொய் சொல்லாதே, திருடாதே என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தது அன்றோடு பொய்யாகிவிடுமா? ரோமர் 10:4ல் கிறிஸ்து நியாயப்பிரமாணத்தின் "முடிவாயிருக்கிறார்" என்று வருகிறதே, அந்த இடத்தில் கிரேக்கச் சொல் தெலோஸ். அதற்கு முடிவு என்றும் பொருள், இலக்கு என்றும் பொருள், ஆற்றுக்குக் கடல் எப்படியோ அப்படி. உங்கள் பாஸ்டர் முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறார். அதே பவுல் ரோமர் 3:31ல், விசுவாசத்தினாலே சட்டத்தை அவமாக்குகிறோமா, இல்லை, நிலைநிறுத்துகிறோம் என்கிறார். 7:12ல் அதைப் பரிசுத்தமானது என்கிறார். ஆக, "முடிந்துபோனது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் பவுலின் பேச்சில் பாதியை விட்டுவிட்டதாகிவிடும்.

விசுவாசம் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. சபைக்கு வெளியே அந்தச் சொல்லை எங்கே புழங்குகிறோம்? நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம். 30 வருடம் ஒரே கடையில் இருந்த கணக்குப்பிள்ளையை விசுவாசமான மனுஷன் என்கிறோம். எஜமான் ஒருவர் இருக்கிறார் என்று நாய் ஒப்புக்கொள்கிறது என்று அதற்கு யாரும் பொருள் சொல்லமாட்டார்கள். நம்பி ஒட்டிக்கொள்வது, விட்டுப்போகாமல் இருப்பது, அதுதான் விசுவாசம். புதிய ஏற்பாட்டில் வரும் பிஸ்டிஸ் என்ற கிரேக்கச் சொல்லிலும் நம்புவது, நம்பிக்கைக்கு உரியவராக இருப்பது இரண்டும் சேர்ந்தே கிடக்கின்றன. நல்லவேளை, நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சொல்லைப் பிடித்தார்கள். அதே மாதிரி பர்மிய மொழியும் நமக்கு ஒன்று தந்திருக்கிறது. கடையில், பஸ்ஸில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "ச்சேசூ தின்பாதே" என்று நன்றி சொல்கிறோம் இல்லையா, அதில் வரும் ச்சேசூதான் அதோனிராம் ஜட்சன் 1834ல் முடித்த பர்மிய பைபிளில் கிருபைக்கு இருக்கும் சொல், மரியாதைக்கு ஒரு 'தோ' சேர்த்து ச்சேசூதோ. செய்த உபகாரத்துக்கும் அந்தச் சொல், பெற்றவர் சொல்லும் நன்றிக்கும் அந்தச் சொல். கிரேக்கத்தில் காரிஸ் என்ற சொல்லும் அப்படியே, இரண்டாம் கொரிந்தியரில் பவுல் ஓரிடத்தில் கிருபைக்கும் இன்னோரிடத்தில் நன்றிக்கும் அதையே எழுதுகிறார். மேலேயிருந்து வருவது கிருபை, கீழேயிருந்து போவது நன்றி. கட்டளைகளைக் கைக்கொள்வது அந்த நன்றியின் பக்கம் இருக்கிறது. செஞ்சோற்றுக்கடன் மாதிரி என்று சொல்லலாமா என்று நான் யோசித்ததுண்டு, ஆனால் கடன் என்று வந்துவிட்டால் தீர்க்கவேண்டும் என்ற கணக்கு வந்துவிடும், தீர்த்துவிட்டேன் என்ற மிதப்பும் வந்துவிடும். எபேசியர் 2:8 அதைக் கடன் என்று சொல்லவில்லை, "இது தேவனுடைய ஈவு" என்கிறது. அதை வாசிக்கிறவர்கள் பலரும் 10ஆம் வசனத்துக்கு முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று அங்கே இருக்கிறது. கிரியையால் இரட்சிப்பு இல்லை, கிரியைக்காக இரட்சிப்பு, இரண்டுக்கும் நடுவே ஒரு வேற்றுமை உருபுதான் வித்தியாசம், ஆனால் வாழ்க்கை முழுக்க அதில் மாறிவிடுகிறது.

யாக்கோபின் நிருபம் பவுலுக்கு எதிராகப் பேசுகிறதே என்று அடுத்து கேட்பீர்கள், வகுப்பில் கேட்காத வருடமில்லை. மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்று யாக்கோபு 2:24 சொல்வது உண்மைதான். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதரையே இது உறுத்தியிருக்கிறது, 1522ல் எழுதிய முன்னுரையில் இந்த நிருபத்தை வைக்கோல் என்று சொன்னவர் அவர். ஆனால் யாக்கோபு எந்த விசுவாசத்தைத் திட்டுகிறார் என்று பாருங்கள், பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றனவே, அந்த விசுவாசத்தை. கடவுள் ஒருவர் என்று தலையாட்டுவது மட்டும் போதும் என்கிற ஆளிடம் அவர் பேசுகிறார். பவுலோ, விருத்தசேதனம் செய்தால்தான் உன்னைச் சேர்த்துக்கொள்வோம் என்கிற ஆளிடம் பேசுகிறார். இருவரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள், ஆனால் யாக்கோபு காட்டும் கிரியை, ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியது, ஆதியாகமம் 22ல் வருகிறது, 15ல் சொன்ன விசுவாசத்துக்கு எவ்வளவோ பின்னால். வரிசை மறுபடியும் அதேதான்.

உங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, நீங்களும் மாமியாரும் வேறு வேறு தமிழில் ஒரே விஷயத்தைப் பேசுகிறீர்கள். நீங்கள் கிருபை, நியாயப்பிரமாணம், நீதிமானாக்கப்படுதல் என்பீர்கள். 1995ல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பை வாசிக்கிறவர் என்றால் அவர் அருள், திருச்சட்டம், கடவுளுக்கு ஏற்புடையவராதல் என்பார். கேட்பதற்கு இரண்டு மதம் மாதிரியே இருக்கும். கத்தோலிக்கர்கள் கிரியையால் மோட்சம் வாங்குகிறவர்கள் என்று நம் பக்கத்தில் சிறுவயதிலேயே சொல்லித்தந்துவிடுகிறார்கள், அது தப்பு, நானும் பல வருடம் அப்படியே நம்பி அப்படியே பேசியிருக்கிறேன், அதற்காக இப்போதும் வருத்தப்படுகிறேன். 1547 ஜனவரியில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் இதைப் பற்றி வெளியிட்ட தீர்மானத்தில் முதல் விதியே, கிருபையில்லாமல் தன் சொந்தக் கிரியையால் ஒருவன் நீதிமானாகலாம் என்று சொல்பவன் சபிக்கப்பட்டவன் என்பதுதான். வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது: கிருபை வந்து தொட்டபின் மனிதன் அதோடு ஒத்துழைக்கிறானா, அந்த ஒத்துழைப்புக்கும் இரட்சிப்பில் இடமுண்டா என்பதில். வைணவ வீட்டில் வளர்ந்த என் நண்பர் ஒருவருக்கு இதை விளக்கத் தடுமாறியபோது அவரே சிரித்துக்கொண்டு, "எங்களுக்கும் இதே சண்டை உண்டு, பூனைக்குட்டியா குரங்குக்குட்டியா என்று" என்றார். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்யாது, அது தென்கலை. குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளவேண்டும், அது வடகலை. லூதரைப் பூனைப் பக்கம் வைக்கலாம். கத்தோலிக்கத் திருச்சபையையும் மெதடிஸ்டுகளின் வெஸ்லியையும் குரங்குப் பக்கம் வைத்தால், பிடிக்கிற அந்தக் கைவலுவும் தாயின் பாலிலிருந்து வந்ததுதான் என்று அவர்கள் இருவரும் உடனே சேர்த்துச் சொல்வார்கள். எப்படியிருந்தாலும் மரத்துக்கு மரம் தாவுவது தாய்தான். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூதரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதில் அடிப்படையான ஒருமைப்பாட்டை எழுதிக் கையெழுத்திட்டன, 2006ல் உலக மெதடிஸ்ட் மன்றமும் சேர்ந்துகொண்டது. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டது என்று அந்த ஆவணமே சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் ஒருவரையொருவர் சபித்துக்கொண்ட பழைய வார்த்தைகள் இன்றைய போதனைக்குப் பொருந்தாது என்பதில் ஒத்துப்போனார்கள்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி வருவதில் படித்தவர்களே ஒத்துப்போவதில்லை, அதை அப்படியே சொல்லிவிடுகிறேன். பவுல் "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" என்று சொல்வது எதை? புண்ணியம் சேர்க்கிற எல்லா முயற்சியையும் என்று லூதர் காலத்திலிருந்து வாசித்துவந்தார்கள். 1977ல் இ. பி. சாண்டர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், முதல் நூற்றாண்டு யூதர்கள் சட்டத்தைக் கைக்கொண்டு கடவுளின் தயவைச் சம்பாதிக்க நினைக்கவில்லை, தயவால் கிடைத்த உடன்படிக்கைக்குள் நிலைத்திருக்கவே கைக்கொண்டார்கள் என்று எழுதினார். அதன்பின் பலரும், பவுல் தாக்குவது யூதரையும் மற்றவரையும் பிரித்த விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் போன்றவற்றைத்தான் என்றார்கள். பழைய யூதக் கையெழுத்துகளான சவக்கடல் சுருள்களில் ஒன்றில் இதே சொற்றொடர் தூய்மை விதிகளைப் பற்றிய பேச்சில் வருவதை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். எனக்கு இரண்டிலும் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. கலாத்தியரை வாசிக்கும்போது சாண்டர்ஸுக்குப் பின் வந்தவர்கள் சொல்வது சரியாகப் படுகிறது, ரோமர் 4ஐ வாசிக்கும்போது லூதர் பக்கம் சாய்கிறேன். பரிசேயர் என்றாலே மாய்மாலக்காரர், யூத மதம் என்றாலே வறட்டுச் சட்டம் என்று நாம் பிரசங்கிப்பது அநியாயம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்தது, சட்டத்தை ஒழுக்கச் சட்டம், சடங்குச் சட்டம், நாட்டுச் சட்டம் என்று மூன்றாகப் பிரித்து முதலாவது மட்டும் நமக்கு என்று சொல்வது. கத்தோலிக்க இறையியலாளர் அக்வினாஸ் முதல் புராட்டஸ்டண்டுகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை வரை இருக்கும் பிரிவினை அது, உபயோகமானதுதான், ஆனால் மோசேயின் புத்தகங்களில் அப்படித் தலைப்புப் போட்டுப் பிரித்திருக்கவில்லை. லேவியராகமம் 19ல் பிறனை நேசி என்பதற்கு அடுத்த வசனமே இரண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தாதே என்பதுதான். உங்கள் அத்தையின் கேள்வி இங்கேதான் வருகிறது. ஓய்வுநாள் பத்துக் கட்டளையில் இருக்கிறதே, அது எப்படிச் சடங்காகும் என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. கொலோசெயர் 2:16ல் ஓய்வுநாளைக் குறித்து யாரும் உங்களைக் குற்றப்படுத்த விடாதீர்கள் என்று பவுல் எழுதியதை நாங்கள் காட்டுவோம், அது பண்டிகை ஓய்வுநாட்களைப் பற்றியது என்று அவர்கள் சொல்வார்கள். அட்வென்டிஸ்ட் போதனையும் கிருபையால்தான் இரட்சிப்பு, கீழ்ப்படிதல் அதன் கனி என்றே சொல்கிறது, அதனால் அத்தையைச் சட்டவாதி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தசமபாகத்துக்கு வருகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்துப்போன அடுத்த வாரம் எங்கள் வேதபாட வகுப்புக்கு வரும் ஒருவர் என்னைத் தேடி வந்தார், கூரை முழுவதும் போய்விட்டது, குடும்பத்தோடு ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருந்தார். உதவி கேட்டு வந்தார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, எட்டு மாதமாகக் காணிக்கை பாக்கி, இப்போது எவ்வளவு கட்டினால் சரியாகும் என்று. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் மல்கியா 3ஐத் திறந்து சாபம் என்று வாசித்துவிட்டுப் போயிருந்தார். நான் அன்றைக்கு அவரோடு உட்கார்ந்து மல்கியா 3ஐ 5ஆம் வசனத்திலிருந்து வாசித்தேன், கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்கள், விதவையையும் திக்கற்றவனையும் ஒடுக்குகிறவர்கள், பரதேசிக்கு நியாயம் புரட்டுகிறவர்கள், இவர்கள்மேல்தான் அங்கே வழக்குத் தொடங்குகிறது. தசமபாகம் இஸ்ரவேலில் யாருக்குப் போனது? நிலத்தில் பங்கு கிடைக்காத லேவியருக்கு. உபாகமம் 14ல் அதைக் கொண்டுவந்தவர் குடும்பத்தோடு சாப்பிட்டு மகிழச் சொல்லியிருக்கிறது, மூன்றாம் வருடத்தில் அந்நியருக்கும் அநாதைக்கும் விதவைக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. கூரையில்லாத அந்த மனிதர் அந்தச் சட்டத்தின்படி வாங்கவேண்டியவர். யூதரல்லாத சபைகளுக்குப் பவுல் எழுதிய நிருபங்களில் பத்தில் ஒன்று என்ற விதி எங்கும் இல்லை, இருப்பது 2 கொரிந்தியர் 9:7, விசனமாயும் அல்ல, கட்டாயமாயும் அல்ல, உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார் என்பது. நான் பத்தில் ஒன்று கொடுக்கிறேன், எனக்கு அது நல்ல அளவாக இருக்கிறது. சபைக்குக் கொடுங்கள், சபை நடக்க அது வேண்டும். ஆனால் சட்டம் முடிந்துவிட்டது என்று சொல்லும் அதே வாய் சட்டத்தின் சாபத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளக்கூடாது, ஏனென்றால் கிறிஸ்து "நியாயப்பிரமாணத்தின் சாபத்திற்கு" நம்மை நீங்கலாக்கி மீட்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்கிறது.

உங்கள் பிள்ளையின் காய்ச்சலுக்கும் இதேதான் பதில். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு சொன்னது, "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." 1 கொரிந்தியர் 11:30 என்று ஒரு கடினமான வசனம் இருக்கிறது, அங்கே பவுல் சபையில் பலர் வியாதிப்பட்டதை ஒரு தப்போடு இணைக்கிறார், அதை யாராவது உங்களிடம் காட்டக்கூடும் என்பதால் சொல்கிறேன். அந்தத் தப்பு என்னவென்று 21, 22ஆம் வசனங்களில் இருக்கிறது, கர்த்தருடைய பந்தியில் சிலர் வயிறு முட்டச் சாப்பிட்டு இல்லாதவர்களைப் பசியோடு விட்டுவைத்தது. பாக்கி வைத்த காணிக்கையோ தவறவிட்ட ஜெபமோ அங்கே பேச்சில்லை. அந்த ராத்திரி நீங்கள் ஈரத்துணி நனைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, பிள்ளை உங்களுக்கு என்ன செய்து கொடுத்ததற்காக அப்படி உட்கார்ந்தீர்கள்?

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கோபப்படாதீர்கள், அவர் கேட்டது புதுக் கேள்வியும் இல்லை. கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று ரோமர் 6ல் பவுலே அதைக் கேட்டு, "கூடாதே" என்கிறார். பவுலின் போதனையைக் கேட்டவர்களுக்கே அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. குதோ, அதாவது புண்ணியம், சேர்க்க விடியற்காலையில் எழுந்து பிக்குகளுக்குச் சோறு வைக்கும் ஒருவருக்கு, மன்னிப்பு சும்மா கிடைக்கிறது என்பது சோம்பேறித்தனமாகத்தான் தெரியும். வாயால் விளக்கி அதை மாற்றமுடியாது என்பது என் அனுபவம், நம் வீட்டில் அவர் என்ன பார்க்கிறார் என்பதில் இருக்கிறது அது.

வெள்ளிக்கிழமை விஷயம் இவற்றில் மிகச் சுலபமானது. அன்று இறைச்சி தவிர்ப்பது கத்தோலிக்கத் திருச்சபை தன் மக்களுக்கு வைத்த ஒழுங்கு, அதை மாற்றவும் தளர்த்தவும் திருச்சபைக்கு அதிகாரம் உண்டு, நாட்டுக்கு நாடு ஆயர்கள் வேறு விதமாகவும் வைத்திருக்கிறார்கள், மோசேயின் சட்டத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆண்டவர் மரித்த கிழமையை நினைத்து உங்கள் மாமியார் அதைச் செய்கிறார். சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணவேண்டாம், சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கவேண்டாம் என்று ரோமர் 14:3ல் இருக்கிறது. இரண்டு பேருமே சேர்ந்து உட்கார்ந்து அந்த அதிகாரத்தை வாசியுங்கள், அவர் திருவிவிலியத்தில், நீங்கள் பழைய மொழிபெயர்ப்பில், வசனத்துக்கு வசனம் மாற்றி மாற்றி. வெள்ளிக்கிழமை சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டே வாசித்தாலும் சரி.